ஒலிப்பதிவு: நிமலரூபன்

நகர மண்டபத்தில் மூன்று மின்விசிறிகள்.
நடுவில் இருப்பது கிறீச்சிடும்.
படம் தொடங்குமுன் அதை நிறுத்தச் சொன்னேன்.
வியர்த்தால் வியர்க்கட்டும்,
என் மௌனங்களில் கீறல் விழக்கூடாது.

துவாரகியின் முதல் படம், எழுபத்தெட்டு நிமிடம்.
திருகோணமலைத் திரைப்பட விழாவின் கடைசி இரவு, கடைசிக் காட்சி.
பேய்ப்படம் என்று எழுதிக் கொடுத்தபடியால்தான்
அனுமதி கிடைத்தது.
பேய்களுக்கு அரசியல் இல்லை என்று நம்புகிற ஒருவர்
படிவத்தைப் படிக்காமல் கையெழுத்து வைத்தார்.

கதை இவ்வளவுதான்:
ஒவ்வோர் இரவும் இரண்டு பத்துக்கு
ஒரு வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள்.
உள்ளே இருப்பவர்கள் திறப்பதில்லை.
மரணச் சான்றிதழ் எடுத்தாயிற்று,
அந்தியேட்டி முடிந்தாயிற்று,
வந்த காசில் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியாயிற்று.
இனி எப்படித் திறப்பது?

தட்டுகிறவனின் முகம் கடைசிவரை வராது.
அவனை நான்தான் செய்தேன்.
எலும்புக்கு நண்டு ஓடு.
நடைக்கு ஈரச் சாக்கு, சீமெந்துத் தரையில்.
மூச்சுக்கு, விடியமுன் கன்னியாவுக்குப் போய்
வெந்நீர்க் கிணறு ஒன்றின்மேல்
மைக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.
கதவுதான் அகப்படவில்லை.
தேக்கு கனத்தது, வேம்பு செத்துக் கிடந்தது,
பலா, கோயில் மேளம்போலப் பேசியது.
கடைசியில் உப்புவெளியில்
ஒரு விடுதியின் கழிவறைக் கதவு.
மூன்று தட்டு. ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று.

பின்வரிசைப் பெடியள் சிரிக்கவென்றே வந்திருந்தார்கள்.
முதல் தட்டுக்கு விசில்.
இரண்டாவதற்கு விசில் பாதியில் நின்றது.
நாற்பத்தோராம் நிமிடம் ஒரு குடும்பம் எழும்பிப் போனது,
கதிரை இழுபட்ட சத்தம் என் கணக்கில் இல்லாதது.
பெல்ட்டில் மூன்று போன் செருகிய ஒருவர்
நாலாவதில் பேசியபடி வெளியேறினார்.
கொழும்பிலிருந்து வந்த நடுவர்கள்
சின்ன வெளிச்சத்தில் ஏதோ எழுதினார்கள்.

பிறகு அந்தக் காட்சி.
தாய் கதவோடு முதுகைச் சாய்த்து இருக்கிறாள்.
ஒன்பது நிமிடம் கமரா அவளை விட்டு அசையாது.
வெளியே என் கை.
மூன்று. ஒரு மூச்சு. ஒன்று.
சனம் காதைப் பொத்தியது, திறந்துவிடுவாளோ என்று.

மூன்றாம் வரிசையில் ஒரு குரல் எழுந்தது.
"திறவன்!"

யாரும் உஸ் என்று அடக்கவில்லை.

"பேயா வந்தாலும் பிள்ளைதானேயடி. திற!"

திரையில் அவள் திறக்கவில்லை.
இருநூறு தரம் ஓட்டி ஓட்டிப் பார்த்த காட்சி,
திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.
தெரிந்தும்
அந்த இரவு நான் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் வந்தது. கைதட்டல் பிந்தி வந்தது.
யாரோ நடு விசிறியைப் போட்டார்கள்.
நடுவர் ஒருவர் துவாரகியிடம்
லென்ஸைப் பற்றிக் கேட்டார்.

நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவ வந்தா,
மூதூர் ஆள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவ.
"தட்டினது ஆர்?"
"நான்தான் அம்மா."
மீன் வாங்குகிறவள் செவுளைப் பார்ப்பதுபோல்
என் வலக்கையைத் திருப்பி விரல் மொழிகளைப் பார்த்தா.

"இவ்வளவு மெதுவாவோ தம்பி தட்டுறது?
என்ர பெடியன் காலால உதைப்பான்.
கீழ்ப்பலகை வெடிச்சபடி கிடக்கு.
நான் இன்னும் மாத்தேல்லை."

ஒரு தட்டை மட்டும் மாற்றவேண்டும் என்று
துவாரகியிடம் சொன்னேன்.
படம் முடிஞ்சுது நிமல், என்றாள்,
அடுத்த விழாவுக்குப் பிரதியும் போயிட்டுது.

வெளியே தெருவிளக்கின் கீழ்
மான் ஒன்று எங்கள் சுவரொட்டியைத் தின்றுகொண்டு நின்றது.
தலைப்பைத் தின்று முடித்துவிட்டது.
கதவில் இன்னும் பாதி இருந்தது.